தலையெழுத்தை எழுதிய கை

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலம். மலையடிவாரமெங்கும் திராட்சைத் தோட்டம். கொடியிலே பசுமை, கனியிலே கருமை, காண்போர் கண்ணுக்குக் குளுமை! அத்தோட்டங்களை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றின் முதல் வகுப்பை மனக்கண்ணால் நோக்குங்கள். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிலே ஒரு பிள்ளை. வயதோ ஏழு; வளர்ச்சியோ ஐந்து வயதினது. தலை சிறுத்திருக்கிறது. கண் திறப்புக் குறுகியிருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லோர்க்கும் உள்ள அந்தச் சிறு பள்ளம் தேய்ந்து மறைந்திருக்கிறது. மேலுதடு கோடு இழுத்தாற்போல் மெலிந்திருக்கிறது. நேற்றுக் கற்ற எழுத்து இன்று நினைவில் இல்லை. இன்று கூட்டிய கணக்கு நாளை நினைவில் நிற்காது. அடித்தாலும் அதே நிலை. அணைத்தாலும் அதே நிலை.

ஏன் இந்த நிலை?

"முற்பிறவிப் பயன்" என்பார் நம் நாட்டு வேதாந்தி. "ஆண்டவன் சித்தம்" என்பார் அந்நாட்டுப் பாதிரியார். "அந்த இனத்தின் இரத்தமே அப்படி" என்பார் வெள்ளை ஆதிக்கவாதி. மொழி மூன்று; பொருள் ஒன்றே. "கேள்வி கேட்காதே, வாயை மூடு!" என்பதே அந்தப் பொருள்.

நாம் கேட்கிறோம். கேட்பதற்கு நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கரும்பலகைக்கு முன்னே நின்று பிழைப்பவர் நாம். பாடம் ஏறாத பிள்ளையைப் பார்த்து, "மக்கு" என்ற சொல்லை நாமும் ஒருகாலத்தில் உதிர்த்ததுண்டு. அதை எண்ணி இன்று நாணுகிறோம். "மக்கு" என்பது காரணம் அன்று. காரணத்தைத் தேடச் சோம்பியவன் ஒட்டும் சீட்டு. "விதி" என்பதும் அத்தகைய சீட்டுத்தான். அளவில் மட்டுமே சற்றுப் பெரிது!

அந்தப் பிள்ளையின் தலையிலே எழுதியவன் பிரமன் அல்லன். எழுதிய கை வேறு. எழுதிய மையும் வேறு. மை, மது. கை எதுவென்பதைப் பிறகு காட்டுகிறோம். முதலில் மையைப் பற்றிக் கூறுவோம்.

கருவுற்ற தாய் அருந்தும் மது அவள் குருதியிலே கலக்கிறது. குருதியிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. கருவைக் காக்கும் வேலியென நாம் நம்பும் அந்த நஞ்சுக்கொடி, மதுவைத் தடுப்பதில்லை. கதவு திறந்து விடுகிறது. சிறிது நேரத்திற்குள் தாயின் குருதியில் எந்த அளவு மதுவோ, ஏறத்தாழ அதே அளவு சேயின் குருதியிலும்! தாய்க்குக் கல்லீரல் உண்டு. அது மதுவைச் சிதைத்து வெளியேற்றும். சேயின் கல்லீரலோ முதிராதது; அந்த வேலையைச் செய்ய அதற்கு வலுவில்லை. சேயைச் சூழ்ந்த பனிக்குட நீரிலும் மது தங்கிவிடுகிறது. தாய்க்குப் போதை தெளிந்த பின்னரும் சேய் அந்த நீரிலேதான் மிதக்கிறது.

முதல் மாதங்களில் முகமும் உறுப்பும் உருவாகின்றன. மூளையோ முதல் வாரங்களில் தொடங்கி இறுதி மாதம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, "இந்த மாதம் தீங்கு, அந்த மாதம் தீங்கில்லை" என்று பாகம் பிரிக்க இடமில்லை. இத்தனை கோப்பை வரையில் கருவுக்குத் தீங்கில்லை என்று துணிந்து சொல்ல எந்த மருத்துவ அறிவியலாலும் இயலவில்லை. கள்ளும் மதுவே, பீரும் மதுவே, ஒயினும் மதுவே, சாராயமும் மதுவே. பெயர் மாறலாம், கருவறைக்குள் புகுந்தபின் அதற்குப் பெயர் ஒன்றே.

"இதெல்லாம் இன்று நேற்றுக் கண்டுபிடித்த கதை" என்று எள்ளுவாரும் உளர். வரலாற்றைப் புரட்டுவோம். 1726ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் கழகத்தார் நாடாளுமன்றத்திற்கு முறையிட்டனர். தெருவெல்லாம் ஜின் என்னும் சாராயம் பெருகிவிட்டது, அதைக் குடிப்பவர்க்கு நலிந்த குழந்தைகளே பிறக்கின்றன என்பது அவர்கள் முறையீடு. கேட்டவர் எத்தனைபேர்? ஜின்னுக்கு வரி உண்டு; முறையீட்டிற்கு வரி இல்லையே!

1899ஆம் ஆண்டு. லிவர்பூல் நகரச் சிறையின் மருத்துவர் வில்லியம் சல்லிவன் ஓர் ஆய்வை வெளியிட்டார். குடிக்கு ஆட்பட்ட 120 பெண்கைதிகளின் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அது. சிதைந்த கருக்களையும், செத்துப் பிறந்தவற்றையும், பிறந்து விரைவில் இறந்தவற்றையும் கணக்கிட்டார். அதே பெண்களின் உறவினரில் குடிக்காதவர்களின் குழந்தைகளையும் எடுத்து ஒப்பிட்டார். குடிக்காத உறவுப்பெண்ணின் பிள்ளை பிழைத்தது. குடித்தவளின் பிள்ளை மடிந்தது. இரத்தம்தான் காரணமென்றால், இருவர்க்கும் ஒரே இரத்தமன்றோ? அவர் கண்டது அதோடு நிற்கவில்லை. கருவுற்ற காலத்தைச் சிறையிலே கழித்ததால் குடி கிட்டாமற்போன சில பெண்கள், அம்முறை நல்ல குழந்தையைப் பெற்றனர். அதே தாய், அதே கருவறை, அதே குடும்பம்! இல்லாமற்போனது ஒன்றே ஒன்று, மது. விதியென்று ஒன்று உண்டானால், சிறைக்கதவைச் சாத்தியதும் அது எங்ஙனம் மாறிற்று? மதுப்புட்டியைக் கண்டால் வருவதும், காணாவிடில் ஓடுவதுமான விதியை விதியென்று சொல்வதா? வியாதியின் காரணம் என்று சொல்வதா?

இருந்தும், உலகம் உறங்கிற்று. 1968ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நாந்த் நகரத்து மருத்துவர் பால் லெமுவானும் அவருடைய தோழர்களும், குடிப்பழக்கமுடைய பெற்றோரின் குழந்தைகள் 127 பேரை ஆராய்ந்து, அவர்களிடையே ஒரே சாயல் இருப்பதை எழுதினர். ஒயினைத் தேசியப் பெருமையெனப் போற்றும் நாட்டிலே அக்கட்டுரையைப் படித்தோர் சிலரே. ஐந்தாண்டு கழித்து, 1973இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்னும் மருத்துவர்களும் அவர்தம் தோழர்களும் அதே உண்மையைத் தாமாகக் கண்டு, நோய்க்குப் பெயரும் சூட்டினர். கருக்கால மதுநோய் என்று நாம் அதனை அழைக்கலாம்.

அவர்கள் முதலில் விவரித்த குழந்தைகள் எட்டுப்பேர். ஒருவர்க்கொருவர் உறவில்லாதவர், மூன்று வெவ்வேறு இனங்களைச் சார்ந்தவர். எனினும், எட்டு முகங்களிலும் ஒரே அடையாளம்! இனம் வேறு, நிறம் வேறு, குலம் வேறு. தாய் அருந்திய மது ஒன்று. ஆகவே முகத்திலே விழுந்த முத்திரையும் ஒன்று. "இரத்தம், இரத்தம்" என்று முழங்கிய இனவெறியர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

இன்னொன்றும் சொல்லவேண்டும். முகத்திலே அடையாளம் உள்ள பிள்ளைகள் சிலரே. அடையாளமே இல்லாமல், உள்ளே மூளை மட்டும் புண்பட்ட பிள்ளைகள் அவர்களினும் பலர். பார்ப்பதற்கு எல்லோரையும் போன்றிருப்பார்கள். ஆனால் கவனம் நிலைக்காது; நினைவு தங்காது; செய்ததன் விளைவை முன்கூட்டி எண்ண இயலாது. அவர்களைத்தான் பள்ளி "அடங்காதவன்" என்கிறது, வீடு "உருப்படாதவன்" என்கிறது, பின்னர் காவல்துறை "குற்றவாளி" என்கிறது! கருவிலே ஒரு தண்டனை, வகுப்பிலே ஒரு தண்டனை, சிறையிலே ஒரு தண்டனை. அவன் செய்த குற்றம்தான் என்ன? பிறந்தது!

இனி, கை எதுவென்று காட்டுவோம். மீண்டும் மேற்குக் கேப் நாட்டுக்குச் செல்வோம்.

1652ஆம் ஆண்டில் டச்சு வணிகக் கம்பெனியின் ஆளாக யான் வான் ரீபேக் அங்கே இறங்கினான். சில ஆண்டுகளிலேயே திராட்சைக்கொடி நட்டான். 1659இல் முதல் ஒயினைப் பிழிந்தான். கொடியைக் காக்க ஆள் வேண்டுமே! ஆப்பிரிக்காவிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அடிமைகள் இறக்கப்பட்டனர். வங்காளத்திலிருந்தும், மலபாரிலிருந்தும், நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட மக்கள் கப்பலேற்றப்பட்டனர். ஆம், தோழர்களே! அந்தத் தோட்டங்களில் முதலில் முதுகு வளைத்தவர்களிலே நம் கரையோரத்து மக்களும் இருந்தனர். அங்கே சிதைந்து பிறக்கும் பிள்ளை நமக்கு அயலான் என்று எப்படிச் சொல்வோம்?

1658ஆம் ஆண்டில் அந்த வான் ரீபேக் அடிமைகளுக்கு ஒரு பள்ளி திறந்தான். பாடம் கேட்கவும், செபம் கற்கவும் அடிமைகள் வரவேண்டுமே. என்ன செய்தான் தெரியுமா? வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு கிண்ணம் பிராந்தி, இரண்டங்குலம் புகையிலை என்று கட்டளையிட்டான். இதை அவனே தன் நாட்குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறான். பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சோறிட்ட நாட்டிலே வாழும் ஆசிரியராகிய நாம் இதைப் படித்தபோது, சுண்ணக்கட்டி கைநழுவிப் போயிற்று. ஒரு கையிலே வேதம், மறு கையிலே பிராந்தி! இரண்டும் எதற்கு? அடிமை தன் நிலையை எண்ணிப் பாராதிருப்பதற்கு!

அடிமைமுறை 1834இல் சட்டத்தால் ஒழிந்தது. பயிற்சிக்காலம் என்ற பெயரால் நீடித்த கட்டு 1838இல் அறுந்தது. கால்விலங்கு கழன்றது; கோப்பை விலங்கு கழலவில்லை. அதற்கு "டாப்" முறை என்று பெயர். கூலியின் ஒரு பகுதி காசு. மறு பகுதி மலிந்த ஒயின். காலையில் ஒரு குவளை, உச்சியில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என நாளொன்றுக்குப் பலமுறை. விற்பனைக்கு ஆகாத ஒயின் பண்ணையாளுக்குக் கூலியாயிற்று! பண்ணையார்க்கு இதனால் எத்தனை இலாபம்! கழிவு செலவாகிறது, கூலி குறைகிறது, குடிக்கு ஆட்பட்டவன் வேறு பண்ணை தேடி ஓடமாட்டான், சங்கம் வைக்கமாட்டான், உரிமை கேட்கமாட்டான். 1960களின் தொடக்கத்தில் சட்டம் இதைத் தடுத்தது. தடுத்த சட்டம் தாளிலே உறங்க, 1990களிலும் சில பண்ணைகளில் குவளை நிரம்பிக்கொண்டே இருந்தது. முறை மறைந்த பின்னும், தலைமுறை தலைமுறையாய் ஊட்டிய பழக்கம் மறையவில்லை.

விளைவு? அந்த ஒயின் நாட்டின் ஓர் ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது: ஆயிரம் பிள்ளைகளில் 40க்கு மேற்பட்டோர்க்குக் கருக்கால மதுநோய். நோயின் எல்லா வகைகளையும் சேர்த்து 2017இல் வெளியான உலகக் கணிப்பு, உலகச் சராசரி ஆயிரத்துக்கு 8 என்றும், தென்னாப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு 111 என்றும் கூறுகிறது. எட்டு எங்கே, நூற்றுப் பதினொன்று எங்கே! அந்நாட்டுக் கடவுள் மட்டும் அத்துணைக் கொடியவனோ? அன்று, தோழர்களே! தலையெழுத்தை எழுதிய கை பண்ணையாரின் கை. எழுதிய ஏடு கூலிக்கணக்கேடு.

இவ்விடத்தில் அறவோர் சிலர் எழுந்து நிற்பர். "தாய்தானே குடித்தாள்? தாயைத் தண்டி!" என்று முழங்குவர். தண்டித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் நகரம். 1989இல் அங்குள்ள அரசு மருத்துவமனையில், பேறுகாலத்திற்கு வந்த பெண்களின் சிறுநீரை அவர்கள் இசைவின்றிச் சோதித்து, கொக்கேய்ன் கண்டால் காவல்துறைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. மருத்துவம் நாடிவந்தவள் கைவிலங்கோடு போனாள். பிடிபட்டவர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்து ஏழைப் பெண்கள். அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2001இல், இசைவின்றிச் செய்யும் அத்தகைய சோதனை அரசியல் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

அந்நாட்களில் அமெரிக்க ஏடுகள், கொக்கேய்ன் உண்ட தாய்மாரின் பிள்ளைகள் ஒரு தலைமுறையே பாழ் என்று பறைசாற்றின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்னும் மருத்துவ அம்மையார் அப்பிள்ளைகளை இருபதாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். கொக்கேய்னுக்கு ஆட்பட்ட ஏழைப் பிள்ளைக்கும், ஆட்படாத ஏழைப் பிள்ளைக்கும் அறிவிலே பெரும் வேறுபாடு காணவில்லை. இருசாராரும் ஒருசேரப் பின்தங்கியிருந்தனர். இருவரையும் அழுத்தியது வறுமை! கொக்கேய்ன் தீங்கற்றது என்று நாம் சொல்லவில்லை. நஞ்சுக்கொடியைப் பெயர்த்துவிடும், குறைப்பேறு உண்டாக்கும் கொடுமை அதற்கு உண்டு. ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்விக்கழகம் 1996இல் ஆராய்ந்து உரைத்ததைக் கேளுங்கள். போதைப்பொருள் அனைத்திலும் கருவின் மூளைக்கு மிகக் கொடிய தீங்கு செய்வது கொக்கேய்ன் அன்று, அபின் அன்று, மதுவே! ஏழை கையிலே கிடைத்த பொடிக்குக் கைவிலங்கு. செல்வர் மேசையிலே வீற்றிருக்கும் ஒயினுக்கோ விளம்பரம்! இதுதான் அறமா?

தண்டனைக்கு அஞ்சிய தாய் மருத்துவரிடம் வருவாளா, ஒளிவாளா? ஒளிந்தால் சேய்க்கு நன்மையா, தீமையா? அபின் வகைக்கு அடிமைப்பட்ட கர்ப்பிணி திடீரென்று நிறுத்தினால் கருவுக்கே ஆபத்து. முறையான மருத்துவம் தேவை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவளுக்கும் அவ்வாறே. அவள் செல்லவேண்டிய இடம் மருத்துவமனை, சிறை அன்று. மேலும், அவளுக்கு ஊற்றிக் கொடுத்தவன் யார்? அந்த ஒயின் நாட்டு ஆய்வுகள் காட்டுவது என்ன? நோயுற்ற பிள்ளையின் தாய் பெரும்பாலும் குடிகாரக் கணவனோடு வாழ்பவள், வயிறார உணவில்லாதவள். குடிக்கும் ஆண் கூடத்திலே அமர்ந்து தீர்ப்புச் சொல்ல, குமுறும் பெண் கூண்டிலே நிற்பதா?

தண்டனையாலன்று, தன்மானத்தால் மாறுதல் வரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிட்ஸ்ராய் கிராசிங் என்னும் சிற்றூர், பழங்குடி மக்கள் வாழும் பள்ளத்தாக்கு. நிலத்தைப் பறித்தவர்கள் பதிலுக்கு விட்டுச்சென்றது மதுக்கடை. 2007இல் அவ்வூர்ப் பெண்கள், ஜூன் ஆஸ்கார் போன்றோர் முன்னிற்க, ஒன்றுகூடினர். கடுமையான மதுவை வெளியே எடுத்துச்செல்ல விற்பதைத் தடைசெய்யக் கோரினர்; வென்றனர். அதோடு நில்லாமல், "எங்கள் பிள்ளைகளை ஆராயுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்" என்று மருத்துவர்களைத் தாமே அழைத்தனர். 2015இல் வெளியான கணக்கு ஆயிரத்துக்கு 120 பிள்ளைகளுக்கு இந்நோய் என்றது. அந்தக் கணக்கைக் கண்டு அத்தாய்மார் தலைகுனியவில்லை. உண்மையை அறிந்தால்தான் உதவியைக் கேட்கமுடியும் என்று நிமிர்ந்தனர். கோயிலைச் சுற்றவில்லை, தாயத்துக் கட்டவில்லை, காரணத்தைத் தேடினர். பகுத்தறிவு என்பது வேறென்ன, தோழர்களே?

தென்னாப்பிரிக்காவிலும் டே ஆர் என்னும் ஊரில், ஊர்முழுதும் விளக்கம் கூறி, கர்ப்பிணிகளுக்குத் துணைநின்றதால், நோயின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. விதி முப்பது விழுக்காடு குறையுமோ? குறைந்தால் அது விதியோ?

"நம் நாட்டுத் தாய்மார் குடிப்பதில்லையே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். பெரும்பாலோர் குடிப்பதில்லை, உண்மை. ஆனால் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் கர்ப்பிணி நம் ஊரில் இல்லையா? அதுவும் கருவின் எடையைக் குறைக்கிறது. உயிரைக் குடிக்கவும் வல்லது. கணவன் விடும் பீடிப்புகையும் அவ்வாறே. குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ தேடித் தெருத்தெருவாய் அலையும் குடும்பம், அவள் வாயிலிருக்கும் புகையிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. நிறத்தைப் பற்றிக் கவலை. மூளையைப் பற்றிக் கவலையில்லை! குறையோடு பிறந்தாலோ கிரகணத்தின்மேல் பழி! வானத்துச் சந்திரனை விசாரிக்கும் வீடு, வீட்டுக்குள்ளிருக்கும் போதையை விசாரிப்பதில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கருவுற்ற பெண்ணுக்கு மதுவும் புகையிலையும் ஆகாது என்பதை மாமியார்க்கும், கணவனுக்கும், தோழிக்கும் சொல்லுங்கள். அறியாமல் அருந்தியவளை அச்சுறுத்தாதீர். இன்று நிறுத்தினாலும் நாளைக்கு நன்மை உண்டு என்று கூறுங்கள். அவள் கருவுற்றிருக்கும் நாள்வரையேனும் கணவன் குடியை நிறுத்தட்டும். தாயிடம் கேட்கும் தியாகத்தில் பாதியைத் தந்தையிடம் கேட்டால் என்ன? மதுப்புட்டியின்மேல் கர்ப்பிணிக்குரிய எச்சரிக்கையைப் பிரான்சு 2007 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2023 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. விற்பவன் இலாபத்தை எண்ணுகையில், விளையும் கேட்டையும் அவன் புட்டியிலேயே எழுதிவைக்கச் சொல்வது நியாயமன்றோ?

ஏற்கெனவே அந்நோயோடு பிறந்த பிள்ளை? அதற்கு முற்றும் தீர்க்கும் மருந்தில்லை. ஆனால் வழி உண்டு. முன்கூட்டியே கண்டறிதல், அமைதியான வீடு, ஒரே ஒழுங்கில் நாள்தோறும் நடக்கும் வகுப்பு, ஒரு முறைக்கு ஒரு செய்தி மட்டும் சொல்லி, நூறு முறை சொல்ல நேர்ந்தாலும் முகம் சுளிக்காத ஆசிரியர். இவை கிடைத்தால் அப்பிள்ளை வாழும், வளரும், உழைக்கும். அந்த நூறாவது முறையைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. வகுப்பறையில் "மக்கு" என்ற சொல்லை இனி உச்சரிக்கமாட்டோம் என்று நாம் உறுதி பூண்டிருக்கிறோம், உங்களையும் அழைக்கிறோம்.

1658இல் பள்ளிக்கு வந்தவன் கையிலே கிண்ணம் கொடுத்தார்கள். அந்தக் கையிலே எழுதுகோலைக் கொடுப்பதே நம் பணி. அவன் தலையெழுத்தைப் பிறர் எழுதியது போதும்; இனி அவனே எழுதட்டும்!